தொப்புள்கொடிக்குள் ஒரு படை

சகோதரிகளே, பிள்ளை பிறந்ததும் கொடியை மண்ணில் புதைத்துவிடுகிறோம். அதில் எஞ்சும் இரத்தத்தில் அல்லாஹ் எதை வைத்திருக்கிறான் தெரியுமா? இயற்கைக் கொல்லிக் கலங்கள்! 1975இல் சுவீடன் ஆய்வாளர்கள் பெயர் சூட்டிய இவை, முன்பழக்கம் எதுவுமின்றியே புற்றுக் கலத்தை இனங்கண்டு துளைத்து அழிக்கும்.

நிணநீர்ப் புற்று, இரத்தப் புற்று கண்டு, வேறு மருந்துகள் கைகொடுக்காத 11 பேருக்கு, அமெரிக்காவின் எம்.டி. அண்டர்சன் நிலையத்தார் இக்கலங்களை மரபணு மாற்றி ஏற்றினர். 2020இல் வெளியான முடிவின்படி 8 பேருக்குக் குணம் தெரிந்தது. அவர்களில் 7 பேருக்கு நோயின் தடயமே இல்லாமற் போயிற்று.

மார்பிலிருந்து ஈரலுக்கும் எலும்புக்கும் பரவிய கட்டியென்றால் கதை வேறு. “புது ஊசி வந்துவிட்டதாம்” என்று கிளினிக் போவதை நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கட்டி கோட்டை மாதிரி. கலங்கள் உள்ளே நுழையத் திணறுகின்றன, நுழைந்தவையும் சோர்ந்துவிடுகின்றன. அதற்கான வழியைத்தான் இன்னும் தேடுகிறார்கள்.