உங்களுக்குத் தெரியுமா? எங்கிருந்து கூப்பிட்டாலும்

● சமாரியா மலைநாட்டில் இஸ்ரவேலரிடம் அடி வாங்கித் திரும்பிய சீரியர்கள் தோல்விக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். இஸ்ரவேலரின் தெய்வம் மலைத் தெய்வமாம். சமவெளிக்கு இழுத்துவிட்டால் ஜெயித்துவிடலாமாம். மறு வருஷமே ராஜா பெனாதாத் பெரும் படையோடு ஆப்பெக்குக்கு வந்தான். ஒரே நாளில் அவனுடைய காலாட்படையில் 1,00,000 பேர் விழுந்தார்கள் என்கிறது முதலாம் இராஜாக்கள். அப்போது இஸ்ரவேலை ஆண்டவன் ஆகாப். நல்ல பெயர் எடுத்தவனல்ல. ‘மலைத் தெய்வம்’ என்று சீரியர் சொன்னதால்தான் இந்த வெற்றி என்று தேவமனிதர் ஒருவர் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

● அதே சீரியாவின் படைத்தலைவன் நாகமான். யோர்தானில் 7 தரம் முழுகிக் குஷ்டம் நீங்கியதும், எலிசாவிடம் கேட்டது என்ன தெரியுமா? இரண்டு கோவேறு கழுதை சுமக்கும் அளவுக்கு மண்! இனி கர்த்தரைத் தவிர யாருக்கும் பலியிடமாட்டேன் என்றவன், அதற்கு அவருடைய ஊர் மண்ணும் வேண்டும் என்று நினைத்தான் போலும். எலிசா அவனுக்குப் பாடம் எடுக்கவில்லை. சமாதானத்தோடு அனுப்பிவைத்தார்.

● கர்த்தர் கண்ணில் படாமல் ஓட, யோப்பாவில் காசு கொடுத்துத் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறியவர் யோனா. அவருடைய நீண்ட ஜெபம் மீன் வயிற்றிலிருந்து!

● சாவு வேண்டும் என்று மோசே கேட்டார், எலியா கேட்டார், யோனாவும் கேட்டார். ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியாவுக்கு வந்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் தரமும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கடைசிவரை எலியா சாகவே இல்லை, சுழல்காற்றில் பரலோகம் போனார்.

● எசேக்கியா ராஜாவுக்கு மரண நோய். சுவர்ப்பக்கம் திரும்பி அழுது ஜெபித்தார். ‘பிழைக்கமாட்டீர்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய ஏசாயா பாதி முற்றத்தைக்கூடத் தாண்டவில்லை. திரும்பிப் போய் 15 ஆண்டு கூட்டித் தந்ததாகச் சொல் என்று உத்தரவு. இத்தனை சுருக்கில் பதில் வந்த ஜெபங்கள் வேதாகமத்தில் குறைவு.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். எசேக்கியாவுக்குப் பின் பட்டத்துக்கு வந்தபோது மகன் மனாசேக்கு வயது 12. அப்படியானால், கூடுதலாகக் கிடைத்த அந்த 15 ஆண்டுக்குள் பிறந்தவன்! 55 ஆண்டு ஆண்ட இவன் எருசலேமைக் குற்றமற்றவர்களின் இரத்தத்தால் நிரப்பினான், ஆலயத்துக்குள்ளேயே விக்கிரகத்தை வைத்தான். அப்பேர்ப்பட்டவனை அசீரியர்கள் விலங்கிட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோக, அங்கிருந்து அவனும் கெஞ்சி ஜெபித்தான். அதுவும் கேட்கப்பட்டது, எருசலேமுக்கே திரும்பினான். இதைச் சொல்வது இரண்டாம் நாளாகமம். இராஜாக்களின் புத்தகமோ மனாசேயின் மனந்திரும்புதலைப் பற்றி மூச்சே விடவில்லை.

● பேதுருவைச் சிறையில் போட்ட ஏரோது காவலுக்கு நான்கு நான்கு பேராக 16 வீரர்களை வைத்தான். சபையார் மாற்கின் தாய் மரியாள் வீட்டில் கூடி ஜெபித்துக்கொண்டிருக்க, தூதன் விடுவித்த பேதுருவே வந்து கதவைத் தட்டினார். குரலைக் கேட்ட வேலைக்காரப் பெண் ரோதை, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடினாள். விஷயத்தைச் சொன்னதும், ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே ‘உனக்கென்ன பைத்தியமா?’ என்றார்கள். அது பேதுருவின் தூதனாக இருக்கும் என்று சமாதானம் வேறு! இதே ஏரோது சற்று முன்பு யாக்கோபை வாளால் கொன்றிருந்தான். அவர் ஏன் தப்பவில்லை என்பதற்கு அப்போஸ்தலர் நடபடிகளில் விளக்கம் இல்லை.

● எஸ்தரின் எபிரெய மூலத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் வராது. மூன்று நாள் உபவாசம் உண்டு. என்ன ஜெபித்தார்கள் என்பது இல்லை. கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள கிரேக்கப் பகுதிகளில்தான் எஸ்தரும் மொர்தெக்காயும் வாய்விட்டு ஜெபிக்கிறார்கள்.