தினம் நாலு வரி

எங்கள் மட்டாஞ்சேரி வகுப்பில் ஓர் அக்கா படித்தார். பகலில் குடோனில் சுக்கு புடைப்பார். இரவில் வகுப்புக்கு வருவார். பாடப் புத்தகம் முடிந்ததும் என்னிடம் கேட்டார்.

"டீச்சர், எழுதப் படிச்சாச்சு. இனிமே எதை எழுதறது? கடுதாசி போட எனக்கு யார் இருக்கா?"

நல்ல கேள்வி. 1990 பிப்ரவரி 4 அன்று நம் எர்ணாகுளம் மாவட்டம், இந்தியாவிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அது நமக்குப் பெருமை. ஆனால் கற்ற எழுத்தை எழுதாமல் விட்டால் அது மறந்து போகும்.

"இன்று நடந்ததை எழுதுங்கள் அக்கா. நாலு வரி போதும்" என்றேன். இதற்குப் பெயர்தான் நாட்குறிப்பு. டைரி என்றும் சொல்வோம்.

அக்கா ஒரு நோட்டு வாங்கினார். முதல் நாள் இப்படி எழுதினார்: "திங்கள். வேலைக்குப் போனேன். நல்ல மழை. மகனுக்குக் காய்ச்சல்."

காய்ச்சல் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று டாக்டர் கேட்டார். அக்கா தடுமாறவில்லை. நோட்டைப் பார்த்துச் சரியாகச் சொன்னார்.

கைக்கு வந்த கூலி

அடுத்த மாதம் கூலியில் தகராறு வந்தது. ஐந்து நாள் வேலை என்றார் மேஸ்திரி. ஆறு நாள் என்றார் அக்கா. முன்பெல்லாம் அழுதுகொண்டு வீடு திரும்புவார். இந்தத் தடவை நோட்டை எடுத்துப் படித்துக் காட்டினார். எந்த நாள் என்ன வேலை, கூட யார் இருந்தார்கள் என்று அதில் இருந்தது. ஆறாம் நாள் கூலியும் கிடைத்தது.

அன்றன்றைக்கே எழுதியதால்தான் அந்த நோட்டுக்கு மதிப்பு.

ஒரு வியாபாரியின் டைரி

நம் கொச்சியைப் போலப் புதுச்சேரியும் கடலோர வியாபார ஊர். அங்கே ஆனந்தரங்கப் பிள்ளை என்ற வியாபாரி இருந்தார். 1709-ல் பிறந்தவர். பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக வேலை பார்த்தார். துபாஷி என்றால் இரண்டு மொழி பேசி, நடுவில் நின்று காரியம் பார்ப்பவர்.

அவர் 1736 முதல் 1761 வரை டைரி எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, கவர்னர் என்ன சொன்னார், சண்டையில் ஊர் என்ன பாடுபட்டது என்றெல்லாம் எழுதினார். புலவர் தமிழில் எழுதவில்லை. பேசுகிற தமிழில் எழுதினார். அந்தக் காலத்துப் புதுச்சேரியை அறிய இன்றும் அந்த டைரியைத்தான் புரட்டுகிறார்கள்.

மனப் பாரம் குறையும்

கணவர் இறந்த துக்கத்தை அக்கா யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் இரவு அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார். "இப்பத்தான் கொஞ்சம் மூச்சு விட முடியுது டீச்சர்" என்றார்.

அமெரிக்காவில் பென்னிபேக்கர் என்ற அறிஞர் 1986-ல் இதை ஆராய்ந்தார். சில மாணவர்கள் தங்கள் மனத்துயரை நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதினார்கள். அதன் பிறகு அவர்கள் வைத்தியம் தேடிப் போவது குறைந்தது.

எழுத்து மருந்துக்குப் பதில் ஆகாது. துக்கம் தாங்க முடியாமல் போனால் நம்பிக்கையானவரிடம் பேசுங்கள். டாக்டரையும் பாருங்கள்.

எப்படி எழுதுவது?

முதலில் தேதி, கிழமை. அடுத்து, செய்த வேலை. பிறகு வரவு, செலவு. கடைசியில், மனத்தில் பட்ட ஒரு சந்தோஷம் அல்லது ஒரு வருத்தம். நாலு வரி ஆகிவிட்டது!

பிழை வந்தால் வரட்டும். மலையாளச் சொல் கலந்தாலும் பரவாயில்லை. இது பரீட்சை இல்லை. உங்கள் நோட்டு உங்களுக்கு மட்டும். பத்திரமாக வையுங்கள். பிறர் டைரியைக் கேட்காமல் படிக்காதீர்கள்.

அக்கா இப்போது மூன்றாவது நோட்டில் எழுதுகிறார்.

இன்று என்ன கிழமை? உங்கள் முதல் வரியை எழுதுங்கள்.