429,49,67,297 என்னும் எண்

எண்களை ஒற்றை, இரட்டை என்றும், பகா எண், பகு எண் என்றும் பாகுபடுத்தல் கணித நூலார் வழக்கு. சிற்றெண்களுக்கு இப்பாகுபாடு எளிது; பேரெண்கள் வந்துழிப் பேரறிஞரும் இடறுதல் உண்டு. அதற்குச் சான்றாய் நின்ற ஓரெண்ணை ஈண்டு ஆராய்வாம்.

இரண்டை வர்க்கித்து, வந்ததை மேன்மேலும் வர்க்கித்துச் சென்றால் 2, 4, 16, 256, 65,536, 429,49,67,296 என வரும். ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்ட 3, 5, 17, 257, 65,537, 429,49,67,297 ஆம். இவற்றுள் முதலைந்தும் பகா எண்கள். அஃதாவது, ஒன்றாலும் தம்மாலுமன்றிப் பிற எண்ணால் மீதியின்றி வகுபடாதன. இதனைக் கண்ட பெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர், இவ்வரிசையில் வருவன யாவும் பகா எண்களே எனத் தாம் நம்புவதாக 1640-ஆம் ஆண்டில் நண்பர்க்கு எழுதினார். நிரூபணம் தமக்குக் கிட்டவில்லை என்பதையும் மறைத்திலர்.

ஆறாம் எண்ணைச் சோதிப்பது எங்ஙனம்? 65,536-க்கு உட்பட்ட பகா எண்கள் 6,542. அவற்றால் ஒவ்வொன்றாய் வகுத்துப் பார்த்தல் பெருந்தொல்லையாம். 1729-ல் கோல்ட்பாக் என்பார் இவ்வினாவை ஆய்லருக்கு எழுதினார். ஆய்லர் 1732-ல் இவ்வெண் 641-ஆல் வகுபடும் என்றும், ஈவு 67,00,417 என்றும் வெளியிட்டார். இதனை வகுக்கும் எண் எதுவாயினும் அதனை 64-ஆல் வகுக்க ஒன்றே மீதியாம் என்பதையும் அவர் பின்னர் நிறுவினார். அவ்விதிப்படி சோதிக்கற்பாலன 193, 257, 449, 577, 641 என்பனவே. ஆயிரக்கணக்கான சோதனை ஐந்தாய்ச் சுருங்கியது காண்க.

நெடிய வகுத்தலின்றியும் இதனை மெய்ப்பிக்கலாம். 5×128 என்பது 641-க்கு ஒன்று குறைந்தது. ஆகலின் அதனை நான்காம் அடுக்கிற்கு உயர்த்தி 641-ஆல் வகுக்க ஒன்று மீதியாம். அவ்வடுக்கு, 625-ஐ 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கியதாகும். 625-ஓ 641-க்கு 16 குறைந்தது. 16 என்பது 2-இன் நான்காம் அடுக்கு. எனவே 2-இன் 32-ஆம் அடுக்கு 641-இன் மடங்கொன்றுக்கு ஒன்று குறைந்ததாம். அதனோடு ஒன்று கூட்டியதே நம் எண்.

இனி இதன் இயல்புகளைத் தொகுப்பாம். இஃது ஒற்றை எண். இரு பகா எண்களின் பெருக்கம். தன்னையொழித்த வகு எண்களாகிய 1, 641, 67,00,417 என்பவற்றின் கூட்டுத்தொகை தன்னிற் குறைதலின் குறை எண். 65,536, 1 என்பவற்றின் வர்க்கங்களின் கூட்டாகவும், 62,264, 20,449 என்பவற்றின் வர்க்கங்களின் கூட்டாகவும் இருவழியில் அமைவது. பகா எண்ணாயின் ஒருவழியிலன்றி அங்ஙனம் அமையாது. ஆதலின் இதுவும் பகு எண் என்பதற்கு மற்றொரு சான்று.

ஆறாவது முதல் முப்பத்துமூன்றாவது ஈறாக இவ்வரிசையிலுள்ள இருபத்தெட்டு எண்களும் பகு எண்களே என இன்று நிறுவப்பட்டுள்ளது. எனவே எஞ்சியனவும் அத்தகையனவே எனத் துணியலாமோ எனின், ஆகாது. ஐந்தைக் கண்டு துணிந்த பெர்மாவுக்கும் இருபத்தெட்டைக் கண்டு துணியும் நமக்கும் வேற்றுமை யாதுளது?