பத்தியமும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்!
முடக்குவாதம் கண்டவர் தட்டில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

வைட்ஃபீல்ட்: விடியற்காலை ஐந்தரை மணி. ரயில் நிலையத்தை அடுத்த காடுகோடி சந்துகளில், ஒற்றை அறை வாடகை வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிகிறது. ஆறரை மணிக்குக் கம்பெனி வண்டி வந்துவிடும். அதற்குள் சோறு வடித்து டப்பாவில் அடைத்தாக வேண்டும். ஆனால் குழாயைத் திருகக் கை மறுக்கிறது. விரல்கள் மடங்கவில்லை. டப்பா மூடியைத் திருகப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரம் போன பிறகே விரல்கள் வழிக்கு வருகின்றன.

முடக்குவாதம் கண்டவர்களின் காலைப் பொழுது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

1882-ல் டி.எஸ். ஒயிட் என்பவர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்காகத் தொடங்கிய விவசாயக் குடியிருப்புதான் வைட்ஃபீல்ட். இன்று அது கம்ப்யூட்டர் கம்பெனிகளின் ஊர். அந்தக் கம்பெனிகளைக் கட்டியவர்களிலும், கூட்டுபவர்களிலும், காவல் காப்பவர்களிலும், கணக்கு எழுதுபவர்களிலும் தமிழர்கள் ஏராளம். கையை நம்பி ஊரைவிட்டு வந்தவர்கள் அவர்கள். இந்த நோய் முதலில் பிடிப்பதும் அந்தக் கையைத்தான்.

மூட்டு வலி எல்லாம் ஒன்றல்ல

"அக்கா, பருப்பையும் தக்காளியையும் நிறுத்திப் பாருங்க. ஒரே மாசத்துல வீக்கம் வத்திடும்" என்று குழாயடியில் யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. இன்னொருவர் கத்தரிக்காய் ஆகாது என்பார். மற்றொருவர் உருளைக்கிழங்கு வாயு என்பார். புளி கூடாது, தயிர் கூடாது என்று பட்டியல் நீளும். கடைசியில் மிஞ்சுவது ரசமும் சோறும்தான்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. மூட்டை வீங்க வைக்கும் நோய்கள் பல. அவற்றில் ஒன்று யூரிக் அமிலம் மிகுவதால் வரும் 'கவுட்'. பெரும்பாலும் கால் பெருவிரலில், நள்ளிரவில், திடீரென்று பற்றிக்கொள்ளும். ஈரல், ஆட்டிறைச்சி, பீர் ஆகியவற்றைக் குறைப்பது அதற்குப் பொருந்தும். முடக்குவாதம் வேறு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி, மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதால் வருவது அது. இரு கைகளிலும் ஒரே மாதிரி சிறு மூட்டுகள் வீங்கும். காலையில் இறுக்கம் நெடுநேரம் நீடிக்கும். ஆண் ஒருவருக்கு வந்தால் பெண்கள் மூவருக்கு வருகிறது.

கவுட் நோயாளியின் ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை 1848-ல் காட்டியவர் ஆல்பிரட் கரோடு என்ற ஆங்கில மருத்துவர். முடக்குவாதத்துக்குத் தனிப்பெயர் சூட்டி, அது வேறு நோய் என்று 1859-ல் பிரித்துக் காட்டியவரும் அவரேதான். அவர் பிரித்து வைத்ததை நாம் இன்னும் குழாயடியில் ஒன்று சேர்த்துக்கொண்டிருக்கிறோம்!

இதனால் வரும் நஷ்டம் சிறிதல்ல. முடக்குவாதமே தசையைக் கரைக்கும், ரத்தசோகை தரும். அந்த உடம்புக்குப் பருப்பையும் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? வீக்கம் இருந்த இடத்திலேயே இருக்க, ஆள் மட்டும் இளைத்துப் போவார்.

சாப்பாட்டால் பலனே இல்லையா?

உண்டு. ஆனால் அளவோடு உண்டு.

நார்வே நாட்டின் ஓஸ்லோவில் 53 நோயாளிகளை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வு 1991-ல் வெளியானது. ஒரு பிரிவினர் முதலில் சில நாள் உபவாசம் இருந்து, பிறகு ஓராண்டு சைவ உணவு உண்டனர். அவர்களுக்கு வலியும் வீக்கமும் குறைந்தன. ஆனால் எல்லோருக்கும் அல்ல. பாதியில் விட்டவர்களும் உண்டு. 2003-ல் சுவீடனில் 51 பேரிடம் மூன்று மாதம் நடத்திய ஆய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளின் சாப்பாட்டு முறை நோயின் வேகத்தைச் சற்றுத் தணித்தது.

அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கம் 2022-ல் வகுத்த வழிகாட்டுதலிலும் அந்த ஒரு முறைக்குத்தான் ஆதரவு. அதுவும் மருந்தோடு சேர்த்து. வேறு விசேஷ உணவு முறைகளையோ, டப்பாவில் விற்கும் சத்துப் பொடிகளையோ அது சிபாரிசு செய்யவில்லை.

அது என்ன சாப்பாடு? காய்கறி, கீரை, பயறு, முழுத் தானியம், மீன், ஆலிவ் எண்ணெய். இறைச்சியும் இனிப்பும் குறைவு. ஆலிவ் எண்ணெய்க்கு நாம் எங்கே போவது என்று கேட்கலாம். எண்ணெயை விட்டுவிடுவோம். மற்றவை எல்லாம் வைட்ஃபீல்ட் சந்தையிலேயே கிடைக்கின்றன.

ராகியும் மத்தியும்

முதலில் ராகி. வீக்கத்தை அடக்கப் பலருக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தருகிறார்கள். நெடுநாள் தின்றால் அது எலும்பை அரிக்கும். அப்போது சுண்ணாம்புச் சத்து தேவை. நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூடத் தேறாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தாருக்குக் களி புதிதல்ல; பாட்டி கிண்டிப் போட்டதுதான். கன்னட ஹோட்டலில் அதுவே 'முத்தே' என்ற பெயரில் தட்டுக்கு வருகிறது. நாள்தோறும் ஒரு வேளைச் சோற்றுக்குப் பதில் களியோ கூழோ ஆனால் செலவும் ஏறாது.

அடுத்தது மீன். மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மீன்களில் உள்ள ஒமேகா-3 என்ற சத்து வலியையும் காலை இறுக்கத்தையும் ஓரளவு குறைக்கிறது. விலை உயர்ந்த வஞ்சிரம் தேவையில்லை. பொரிக்காமல் குழம்பு வைத்தால் போதும். மீன் தொடாதவர்களுக்குக் கொள்ளு, பாசிப்பயறு, வேர்க்கடலை, கீரை இருக்கின்றன.

குறைக்க வேண்டியவை: திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் போட்ட பஜ்ஜி, மைதா பரோட்டா, நாளைக்கு ஐந்து முறை குடிக்கும் சர்க்கரை டீ. எடை கூடினால் முழங்காலுக்குத்தானே பாரம்? பீடி, சிகரெட்டை அறவே விட வேண்டும். புகை இந்த நோயை வரவழைப்பதிலும் முற்ற வைப்பதிலும் பங்குள்ளது என்பது உறுதியாகிவிட்டது.

தக்காளி தின்றால் வலி கூடுகிறது என்று ஒருவருக்கு நிஜமாகவே தோன்றினால்? அதற்கும் வழி உண்டு. ஒரு நோட்டு வாங்கி, அந்த ஒரு பொருளை மட்டும் மூன்று வாரம் நிறுத்தி, தினம் காலை இறுக்கம் எத்தனை நிமிடம் என்று குறிக்கலாம். பிறகு மீண்டும் சேர்த்துப் பார்க்கலாம். வித்தியாசம் இருந்தால் விடலாம், இல்லையென்றால் சாப்பிடலாம். ஒரே நாளில் பத்துப் பொருளை நிறுத்தினால் எது குற்றவாளி என்று யாருக்கும் தெரியாது.

கீரையிலிருந்து மாத்திரைக்கு

"ஆங்கில மருந்து சூடு, சாப்பாட்டிலேயே சரி செய்துகொள்கிறேன்" என்பவர்கள் ஒரு கதையை அறிய வேண்டும். 1928 முதல் பம்பாயில், லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர், மில் வேலை செய்த கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தபோது அது குணமாயிற்று. அதில் இருந்த சத்தே 1941-ல் பாலக் கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. அதைச் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்கக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த பீமாவரத்துக்காரர் எல்லாப்பிரகட சுப்பாராவ்! அவரது குழுவின் ஆராய்ச்சியில் பிறந்த மெதோட்ரெக்ஸேட்தான் இன்று முடக்குவாதத்துக்குத் தரும் முதல் மருந்து. 1988-ல் அமெரிக்க அரசு இந்நோய்க்கு அதை அனுமதித்தது. அதன் பக்க விளைவைத் தணிக்க ஃபோலிக் அமிலமும் தருகிறார்கள்.

சாப்பாடும் மருந்தும் பகையல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆனால் ஓர் எச்சரிக்கை. மெதோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உண்ணும் மாத்திரை. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மது கூடாது. கர்ப்பிணிகள் உண்ணக் கூடாது. பிள்ளை வேண்டுவோர், ஆணோ பெண்ணோ, முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நிறுத்தினால் என்ன?

இந்த மருந்து வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அந்தப் பொறுமை இல்லாமல் நிறுத்துவோர் பலர். களி தின்று, மீன் தின்று உடம்பு சற்று லேசானதும் 'இனி எதற்கு மாத்திரை?' என்று நிறுத்துவோரும் உண்டு. வலி குறைந்திருக்கலாம், உள்ளே எலும்பு அரிபடுவது நின்றுவிட்டதாகப் பொருளல்ல. முதல் இரண்டு ஆண்டுகளே முக்கியம். அப்போது கோணிய விரலைப் பிறகு எந்தப் பத்தியமும் நிமிர்த்தாது.

உடனே வலி போக்கும் பெயர் தெரியாத பொடிகளிடமும் கவனம் தேவை. சோதித்துப் பார்த்தபோது சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது தெரியவந்திருக்கிறது.

ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு இந்திரா நகரில் மருத்துவமனை இருக்கிறது. 2023 முதல் வைட்ஃபீல்டிலிருந்து இந்திரா நகருக்கு மெட்ரோ ரயிலில் நேரே போகலாம். வீக்கம் ஆறு வாரம் தாண்டினால் ஒரு நாள் கூலியைப் பார்க்காமல் போய்விடுவது நல்லது.

நம் பெரியவர்கள் 'பத்தியம்' என்றது மருந்து உண்ணும் காலத்தில் காக்கும் உணவு நெறியைத்தான். மருந்தை விட்டுவிட்டுப் பத்தியம் மட்டும் காக்க அவர்கள் சொல்லவில்லை. தட்டை மாற்றுவோம், மாத்திரையை மறவாதிருப்போம். நாளை காலை டப்பா மூடியைத் திருகப்போவது அந்தக் கைதானே!