செல்போனில் திறக்காத பங்குதாரர் பக்கம்

புழலில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் போன மாதம் ஒரு பழைய பங்குப் பத்திரத்தையும் தன் செல்போனையும் எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, டிவிடெண்ட் வராமப் போய் பல வருஷம் ஆச்சு. கம்பெனி வெப்சைட்ல என் பேர் இருக்கான்னு பாரேன். எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். தெரியவில்லை என்று அவர் சொன்னது கண்ணுக்கு!

இதில் அவசரம் இருக்கிறது. ஒரு பங்குக்கான டிவிடெண்ட் தொடர்ந்து ஏழு ஆண்டுகள் வாங்கப்படாமல் கிடந்தால், பணத்துடன் அந்தப் பங்கும் மத்திய அரசின் ஐ.இ.பி.எஃப். என்ற நிதிக்குப் போய்விடும். திரும்பப் பெறலாம். ஆனால் ஐ.இ.பி.எஃப்.-5 படிவம், சான்றுகள் என்று அலைச்சல் அதிகம். அதனால்தான் டிவிடெண்ட் வாங்காதவர்களின் பட்டியலைக் கம்பெனிகள் தங்கள் தளத்தில் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

மணலியில் சென்னை பெட்ரோலியம், எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். என்று நம் பக்கத்திலேயே பங்குச் சந்தைக் கம்பெனிகளின் ஆலைகள் பல உண்டு. (பெரியவரின் பங்கு இவை எதிலும் இல்லை, அது வெளியூர்க் கம்பெனி.) இத்தகைய கம்பெனிகள் எல்லாம் நிதி முடிவுகள், பங்குதாரர் விவரம், புகார் செய்வதற்கான இமெயில் முகவரி ஆகியவற்றைத் தளத்தில் தர வேண்டும் என்பது செபியின் 2015ஆம் ஆண்டு விதி.

பெரியவரின் போனில் அந்தத் தளத்தைத் திறந்தேன். எழுத்துகள் எறும்பு போல ஊர்ந்தன. காரணம் எளிது. 2007இல் வந்த ஐபோனின் பிரவுசர், எந்தத் தளத்தையும் 980 பிக்ஸல் அகலம் என்று வைத்துக்கொண்டு, அதைச் சின்ன ஸ்கிரீனுக்குள் சுருக்கிக் காட்டியது. பிற போன்களும் இதே வழியில்தான் வந்தன. "போனின் அகலத்தையே எடுத்துக்கொள்" என்று சொல்லும் வியூபோர்ட் டேக் ஒன்றைப் பக்கத்தின் தலைப்பகுதியில் சேர்த்து, பக்கத்தையும் அந்த அகலத்துக்கு மடங்கும்படி அமைத்தால் எழுத்து பெரிதாகத் தெரியும். அந்தத் தளத்தில் அந்த ஒரு வரியே இல்லை.

அடுத்தது மெனு. மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டுமே விரியும் வகை. போனில் ஏது மவுஸ்? விரலால் தட்டினால் விரியும்படி வைக்க வேண்டும்.

நிதி முடிவு டேபிளை ஒதுக்கிவிட முடியாது. பல காலங்களின் எண்கள் பக்கம் பக்கமாக நிற்கும். பக்கம் முழுவதும் நகராமல் டேபிள் மட்டும் இடம் வலமாக நகர வேண்டும். இடதுபுறத் தலைப்புகள் நிலையாக நிற்க வேண்டும். இல்லையென்றால் லாபம் எது, செலவு எது என்று குழம்பிவிடும்.

எல்லாவற்றையும்விட என்னைச் சோதித்தது அந்தப் பெயர்ப் பட்டியல். காகிதத்தை ஸ்கேன் செய்த பி.டி.எஃப். அது! ஸ்கேன் செய்தது வெறும் படம். அதில் பெயரைத் தேட முடியாது. போலியோ எண்ணைக் கொடுத்தால் விவரம் காட்டும் ஒரு சின்னப் பெட்டி போதும். என்னைக் கேட்டால், போனில் முதல் ஸ்கிரீனிலேயே இந்தப் பெட்டியும், படிவங்களும், தொட்டால் அழைக்கும் போன் எண்ணும்தான் இருக்க வேண்டும். சேர்மன் படம் கீழே இருக்கட்டும், அவர் கோபிக்க மாட்டார்.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு தளம் போனில் எப்படித் தெரியும் என்று பார்க்கலாம். குரோம் பிரவுசரில் தளத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். பின் கண்ட்ரோல், ஷிப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். தளம் போன் அளவுக்குச் சுருங்கும். மேலே உள்ள பட்டியலில் போன் மாடலை மாற்றியும் பார்க்கலாம்.

பெரியவரின் பட்டியலை என் மானிட்டரில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். இனிஷியல் மாறிய நிலையில் பெயர் கிடைத்தது. ஆறு வருட டிவிடெண்ட் பாக்கி. கே.ஒய்.சி. விவரங்களுக்கான ஐ.எஸ்.ஆர்.-1 படிவத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பான் கார்டு, பேங்க் விவரத்துடன் கம்பெனியின் ரிஜிஸ்திரார் முகவரிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறார்.