அப்ரூவ் ஆகிவிட்டதா?

"கடிதம் வந்துவிட்டது, அப்ரூவ் ஆகிவிட்டதாம்!" தோட்டமானாலும் டவுனானாலும் நம்மவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு இது. வீட்டுக் கடன், சேமநிதிப் பணம், பிள்ளையின் உதவித்தொகை, வேலையிடத்து லீவு என்று எதை எடுத்துக்கொண்டாலும், நம் காரியம் இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. ஆகவே, இதன் பொருளைப் பெற்றோரும் பிள்ளைகளும் சரிவரத் தெரிந்துகொள்வது நல்லது.

லத்தீன் மொழியில் 'புரோபுஸ்' என்றால் 'நல்ல' என்று பொருள். அதன் வழிவந்த சொல்லே 'அப்ரூவ்'. ஒன்றை ஆராய்ந்து பார்த்து, 'இது சரி' என்று கூறுவதே அதன் அடிப்படைக் கருத்து. தமிழில் ஒப்புதல் அளித்தல், இசைவு தருதல், அங்கீகரித்தல் என்று சொல்லலாம்.

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு.

முதலாவது, அதிகாரத்தின் முகம். 'தி மேனேஜர் அப்ரூவ்ட் மை லீவ்' என்றால், மேனேஜர் என் விடுமுறைக்கு அனுமதி வழங்கினார் என்று பொருள். மண்டோர் சிபாரிசு செய்யலாம். கிராணியார் கடிதம் எழுதலாம். ஆனால் அனுமதி கொடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்தாம் 'அப்ரூவ்' செய்ய முடியும். தமிழில் 'விடுமுறைக்கு' என்று 'கு' உருபு வருவதால், நம் பிள்ளைகளில் சிலர் 'அப்ரூவ்ட் டு மை லீவ்' என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. இடையில் எந்தச் சொல்லும் வரக்கூடாது.

இரண்டாவது, மனத்தின் முகம். 'மை மதர் டஸ் நாட் அப்ரூவ் ஆஃப் ஸ்மோக்கிங்' என்றால், புகைபிடிப்பதை என் தாயார் நல்லதென்று கருதவில்லை என்று பொருள். இங்கே அனுமதிக் கடிதமும் இல்லை, முத்திரையும் இல்லை. அபிப்பிராயம் மட்டுமே உண்டு. அதனால் 'ஆஃப்' சேர்கிறது. பிள்ளைகள் நினைவில் கொள்ள ஓர் எளிய வழி: கையொப்பமிட்டு முடிகிற காரியமானால் பெரும்பாலும் 'ஆஃப்' வேண்டாம், மனத்துக்கு ஏற்றதா இல்லையா என்ற பேச்சானால் 'ஆஃப்' வேண்டும்.

இனி, வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பார்ப்போம். 1967-ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டத்துக்குப் பிறகு அரசாங்கக் கடிதங்கள் மலாய் மொழியில் வருகின்றன. பரீட்சையில் தேறுவதற்கும் 'லுலுஸ்'தான். மனு அங்கீகரிக்கப்படுவதற்கும் அதே சொல்தான். 'டிலுலுஸ்கான்' என்றிருந்தால் மனு அங்கீகரிக்கப்பட்டது. 'டித்தோலாக்' என்றால் நிராகரிக்கப்பட்டது. 'டிசோக்கோங்' என்றால் ஆதரிக்கப்பட்டது என்று மட்டுமே பொருள். முடிவு செய்ய வேண்டியவர் இன்னும் மேலே இருக்கிறார். 'டாலாம் பெர்த்திம்பாஙான்' என்றால் இன்னமும் பரிசீலனையில் இருக்கிறது.

பேங்கிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதத்தில் 'அப்ரூவ்ட் இன் பிரின்சிபல்' என்றிருந்தால் அவசரப்பட வேண்டாம். கொள்கையளவில் சரி, இறுதி முடிவு பின்னால் என்று அதற்கு அர்த்தம். 'சப்ஜெக்ட் டு' என்று எழுதியிருந்தால், அதற்கு அடுத்து வருவதுதான் நிபந்தனை. அந்த நிபந்தனை நிறைவேறாவிட்டால் கடனும் இல்லை. இத்தகைய கடிதத்தை நம்பி வீட்டுக்கு முன்பணம் கட்டினால், பிறகு கடன் மறுக்கப்படும்போது கட்டிய பணம் திரும்பி வரும் என்பதற்கு என்ன நிச்சயம்?

இந்தச் சொல்லின் கனத்தை நம் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, குடியுரிமை பெறாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் தேவைப்பட்டது. இதனால் தோட்டங்களில் பாடுபட்ட பலர் வேலை இழந்தார்கள். பிறந்து வளர்ந்த மண்ணை விட்டுக் கப்பலேறிய குடும்பங்களும் உண்டு. ஒரு தாளில் எழுதப்பட்ட 'ஆம்', 'இல்லை' என்பதில் ஒரு குடும்பத்தின் வாழ்வே அடங்கியிருந்தது.

ஆகவே, கடிதம் வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முடிவைச் சொல்லும் சொல் எது? முடிவு செய்தவர் யார்? நிபந்தனையும் கடைசித் தேதியும் உண்டா? மனு நிராகரிக்கப்பட்டிருந்தாலும் கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டாம். 'ராயுவான்' என்னும் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறதா, எத்தனை நாளைக்குள் செய்ய வேண்டும் என்று கேட்டறியுங்கள்.

படிக்கும் பிள்ளை வீட்டிலிருந்தால் கடிதத்தை அதன் கையில் கொடுத்து, ஒவ்வொரு வரியாக வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். பள்ளியில் படித்த சொல் வீட்டுக்குப் பயன்படுவதைக் காணும் பிள்ளை, அதைப் பிறகு மறப்பதில்லை. பெற்றோரும் அடுத்தவர் வாய்ச்சொல்லை நம்பிக் கையொப்பமிட வேண்டிய நிலை வராது.