மண்ணின் ஞாபகமும் அணுவின் மறதியும்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையொன்றில் வேலை பார்க்கும் அன்பரொருவர், தம் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கண்டுவிட்டு, வெள்ளணு எத்தனை என்றுதான் எழுதுகிறார்களேயன்றி அது எப்படிப்பட்டது என்று ஒருவரும் சொல்வதில்லையே எனக் குறைபட்டுக் கடிதம் வரைந்திருக்கிறார். நியாயமான குறைதான்.

கிருமியை விழுங்கும் அதன் பிரதாபத்தைப் பள்ளிப் புத்தகமே பேசிவிடுவதால், அதன் மேனியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெள்ளணுக்களில் மிகுதியான நியூட்ரோஃபில் சுமார் 8 மைக்ரான் குறுக்களவுள்ள உருண்டை. அது நுழைய வேண்டிய நுரையீரல் நுண்குழாய்களோ பலவும் அதனினும் ஒடுங்கியவை. கருவற்ற சிவப்பணு நொடிக்குள் வளைந்து நழுவிவிட, தண்ணீரைவிட ஏறத்தாழ லட்சம் மடங்கு பாகுத்தன்மை மிக்க உள்ளீட்டையும் இதழிதழான கருவையும் சுமந்த இது, புடைவைக் கொசுவம்போல் மடிந்திருக்கும் தன் மேல்தோலை விரித்து நீண்டு, சில வேளை நிமிஷக்கணக்கில் தங்கித்தான் அப்பால் போகிறது.

1991-ல் அமெரிக்காவில் ஹாக்முத் முதலிய ஆராய்ச்சியாளர் இவ்வணுவை நுண்ணிய கண்ணாடிக் குழலுக்குள் உறிஞ்சி, நீளவாக்கில் சற்று நேரம் வைத்திருந்து, பிறகு வெளியே தள்ளிப் பார்த்தார்கள். ஐந்து வினாடிக்குள் விடுவித்தால் முதலில் வெடுக்கென்று சுருங்கிற்று. அதற்குமேல் பிடித்து வைத்தாலோ அந்தத் துடிப்பு அற்று, தோலின் இழுவிசையொன்றாலேயே, நீர்த்துளி திரள்வதுபோல், நிதானமாக உருண்டையாயிற்று. பழைய வடிவத்தின் ஞாபகம் அத்தனை சீக்கிரம் மங்கிவிடுகிறது!

பால்யத்தில் ஒரு பட்டறையில், ஈரக் களிமண் பலகையை விளையாட்டாக வளைத்துவிட்டு, ஒருவரும் அறியாமல் நிமிர்த்தி வைத்தேன். சூளையிலிருந்து அது கோணலாகவே வெளிவந்தது. "மண்ணுக்கு ஞாபகம் அதிகம், தம்பி" என்றார் பெரியவர், என்னைப் பாராமலே.

குழைந்து கொடுக்கும் அணுவுக்கும் ஓர் எல்லையுண்டு. நுரையீரலின் காற்றுப் பைகளைக் காக்கும் மேக்ரோஃபேஜ் என்னும் பெருவிழுங்கணு, வெள்ளணுக் குலத்தில் இன்னொரு வகை; அது பீங்கான் மண்ணோடு கலந்த சிலிக்காத் தூசியைக் கிருமியென்றெண்ணி விழுங்கி, செரிக்க மாட்டாமல் மாண்டு, அத்துகளை மறுபடி வெளியே விட, அதையே இன்னொன்று விழுங்குகிறது. இப்படியே நுரையீரல் வடுப்பட்டு இறுகுவதுதான் சிலிகோசிஸ். வந்தபின் தீர்க்க மருந்தில்லை. ஆயினும் உலர்ந்த தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கிப் புழுதி கிளப்புவதைச் சுத்தமென்று கருதும் வழக்கம் நம்மவரிடம் போனபாடில்லை.

அன்பரே, உமது கடிதத்தின் மடிப்பிலிருந்து உதிர்ந்த வெண்பொடியை ஈரத் துணியால் துடைத்தெடுத்தேன். உங்கள் பட்டறையில் பெருக்குமுன் தண்ணீர் தெளிக்கிறார்களா என்பதை அடுத்த கடிதத்தில் எழுதவும்.